ரிங் ட்ரெயினில் இறங்க மறுத்த மஞ்சுளா அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை ஒஸ்ட்க்ரொய்ஸ் ஸ்டேஷனில், பெர்லினை வட்டமாகச் சுற்றி ஓடும் ரிங் ட்ரெயினில் ஏறினேன். ஜன்னலோரத்தில் மஞ்சுளா அக்கா. மடியில் ஒரு ஃபைல், கையில் போன். தனியாக!

பெர்லினில் இருபத்தாறு வருடமாக இருக்கிறவர் தனியாக ட்ரெயினில் போவது அதிசயமா என்று கேட்பீர்கள். அதிசயம்தான். கடையோ, டொக்டரோ, கோயிலோ — எங்கே போனாலும், நான் அண்ணை என்று கூப்பிடும் அவருடைய கணவரின் காரில்தான். “உமக்கு வழி தெரியாது, துலைஞ்சு போவீர்” என்பார் அண்ணை. அன்பாகத்தான் சொல்வார். அதுதான் பிரச்சினையே.

“எங்கயக்கா போறீங்கள்?”

“ஷோனபேர்க்குக்கு. ஒரு கிண்டகார்டன் சமையலறையில வேலை இருக்காம். பத்து மணிக்கு வந்து சந்திக்கச் சொல்லி டெர்மின் தந்திருக்கினம்.”

எனக்குத் திக்கென்றது. அக்காவின் வீடு நொய்கோல்னில். அங்கிருந்து ஷோனபேர்க் நாலே ஸ்டேஷன் — மற்றப் பக்கமாகப் போனால். இந்த ட்ரெயினோ பெர்லினை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டல்லவா போகிறது!

சொன்னேன். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணையின் போன். அக்காவுக்குப் பொய் வராது. நடந்ததைச் சொல்லிவிட்டார்.

“நான் அப்பவே சொன்னனான்!” அண்ணையின் குரல் எனக்கே கேட்டது. “அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அப்பிடியே நில்லும். நான் வந்து ஏத்துறன். வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

நானும் எழும்பிவிட்டேன். “வாங்கோ அக்கா, இறங்கி மற்றப் பக்க ட்ரெயின் பிடிப்பம்.”

அக்கா அசையவில்லை.

“இது ஷோனபேர்க்குக்குப் போகுமோ, போகாதோ?”

“போகும். ஆனா சுத்தி... முக்கால் மணித்தியாலம்.”

“இன்னும் ஒன்பதே ஆகேல்லை. போகட்டும்.” போனைக் காதில் வைத்தார். “நான் இறங்கமாட்டன்.”

கட்!

போனை ஃபைலுக்குள் வைத்து மூடினார். “இறங்கி நிண்டா அவர் வந்திடுவார், தங்கச்சி. வந்தா நேர வீட்டைதான். பிறகு ஒவ்வொரு பிறந்தநாள் கொண்டாட்டத்திலயும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பினம்.”

என் ஆபீஸ் வெடிங் என்ற பகுதியில். ஸ்டேஷன் வந்தது. “நான் கடைசி வரைக்கும் வாறன் அக்கா” என்றேன்.

“வேண்டாம், இறங்குங்கோ. நீங்கள் கூட்டிக்கொண்டு போனா அவர் சொல்லுறது சரியாப் போம்.”

இறங்கினேன். பிளாட்பாரத்தில் நின்றபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஒருவரை வழி தெரியாதவராக ஆக்குவது யார்? வழி காட்டுகிறோம் என்று விடாமல் கூடவே போகிற நாங்கள்தானே... அன்று நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். முகத்துக்கு நேரே சொல்ல ஒரு மஞ்சுளா அக்கா வேண்டியிருந்தது.

மத்தியானம் அக்காவின் போன் வந்தது. ஒன்பதரைக்கே ஷோனபேர்க்கில் இறங்கி, இரண்டு பேரிடம் விசாரித்து, நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டாராம். அண்ணை? மனைவியைப் பிடிக்க ஷோனபேர்க்குக்கே காரை விட்டவர், ஓட்டோபான் நெடுஞ்சாலையில் வாகன நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டாராம். அக்கா டெர்மின் முடிந்து வெளியே வரும்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்.

“என்னவாம் அக்கா, வேலை?”

“அங்க பொறுப்பா இருக்கிற மனிசி திங்கட்கிழமை காலமை ஆறரைக்குத் தொடங்க ஏலுமோ எண்டு கேட்டா. உடன ‘யா’ எண்டிட்டன்.”

“அண்ணையைக் கேக்காமலோ?”

அக்கா சிரித்தார்.

“கேக்கவேணும் எண்ட நினைப்பே வரேல்லை, தங்கச்சி.”