முறைக்கத்தி

எங்கள் நாலு பேரில் யாரும் யாருக்கும் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. கீழே வைப்போம், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அவசரத்தில் மற்றவர்கள் மறந்துபோய் நீட்டிவிடுவார்கள். நாங்கள் மறப்பதில்லை. அதற்கென்றே ஒரு பித்தளைத் தாம்பாளம் வைத்திருக்கிறோம்.

தாம்பாளம் இருப்பது கும்பகோணத்தில் ஒரு குத்துவிளக்குக் கடையின் பின்னறையில். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கூடுவோம். கடைக்காரர், ரிட்டயரான ஒரு டிரில் மாஸ்டர், தாராசுரத்தைத் தாண்டி நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி, பிறகு நான். எனக்கு மருந்துக்கடை. மடக்குக் கத்தி சேர்ப்பது எங்களுக்குப் பொதுவான கிறுக்கு. பேனாக்கத்தி, வெற்றிலைக் காம்பு நறுக்குகிற சின்னக் கத்தி, எருமைக்கொம்புப் பிடி போட்டது, மரப்பிடி போட்டது என்று ஆளுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் பெட்டியில் தூங்குகிற கத்திக்குத் தாம்பாளத்தில் இடமில்லை. பையில் கொண்டு திரிந்து, அந்த வாரம் ஒரு வேலையாவது செய்திருக்க வேண்டும். நான் மருந்து அட்டைப்பெட்டிகளைப் பிரிப்பேன். டிரில் மாஸ்டர் மாங்காய் நறுக்குவார்.

"ஏம்மா, உன் கடைக்கு வந்தா காயமும் கிடைக்கும், மருந்தும் கிடைக்கும் போலிருக்கே" என்பார் அவர், என் கைப்பையைப் பார்க்கும்போதெல்லாம்.

வைகாசிக் கடைசியில் அந்தக் கத்தி வந்தது. கடைக்காரர் பழைய பித்தளையை எடைக்கு வாங்குவார். அப்படி வந்த ஒரு சாக்கில் நசுங்கிய வெற்றிலைப் பெட்டி ஒன்று இருந்தது. நெம்பித் திறந்தபோது உள்ளே ஒரு கத்தி, துரு இல்லாமல். கறுப்புக் கொம்புப் பிடி, இரண்டு பித்தளை ஆணி, நுனியில் லேசாக வளைந்த அலகு. பிடியின் ஒரு பக்கம் ஒரு விரல் நெடுங்காலம் அழுத்தியதில் குழிந்திருந்தது. சாக்கு பல வீட்டுச் சாமான் கலந்து வந்ததால் அது எந்த வீட்டுடையது என்று தெரியவில்லை.

"கேக்காம வந்த பொருளு. தனியா நான் வச்சுக்க மாட்டேன் மேடம்" என்றார் கடைக்காரர்.

விவசாயிதான் வழி சொன்னார். "வாய்க்கால்ல தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி இதுக்கும் முறை வைப்போம்ணே. மாசத்துக்கு ஒருத்தரு."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. முறைக்கத்தி என்று அதற்குப் பெயரும் வைத்தோம். ஆனியில் டிரில் மாஸ்டர், ஆடியில் கடைக்காரர், ஆவணியில் நான், புரட்டாசியில் விவசாயி.

ஆனி பாதியில் டிரில் மாஸ்டர் இடது பெருவிரலின் அடியில் ஒரு கீறலோடு வந்தார். மடக்கும்போது பட்டுவிட்டதாம். பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினேன். கேலி செய்தோம். ஆடியில் கடைக்காரருக்கு அதே இடத்தில் பட்டது. கீறல் அல்ல, வெட்டு. கட்டுப்போட வேண்டியிருந்தது. ஆவணியில் எனக்கு. கடையில் பட்டப்பகலில், பெட்டி பிரித்துவிட்டு மடக்கினேன். வலிக்கவே இல்லை. கவுண்டர் கண்ணாடியில் சிவப்பாக ஏதோ சொட்டுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்து டாக்டர் தையல் போட்டார்.

மூன்று வெட்டுக்கும் இடம் ஒன்று. நீளம் ஏறத்தாழ ஒரு நெல்மணி. கீழ்நுனியில் அரிவாள் போல ஒரு சின்ன வளைவு. இவையும் ஒன்றாக இருந்தன. ஆழம் மட்டும் ஒவ்வொரு முறையும் கூடியது.

அடுத்த முறை விவசாயிக்கு என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த வருஷமே இதயத்தில் வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரையை என்னிடம்தான் வாங்குகிறார். அதைச் சாப்பிடுகிறவருக்குச் சின்ன வெட்டில்கூட ரத்தம் லேசில் நிற்காது. எனக்குப் பட்டதைவிட ஆழமாக, ஆள் நடமாட்டம் இல்லாத வயலில் பட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கத்தியைத் தாம்பாளத்தில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

"அக்கா, என் முறை" என்றார்.

"உங்களுக்கு வேணாங்க. மாத்திரை சாப்பிடுறீங்க. எங்க மூணு பேர் கையையும் பாத்தீங்கல்ல?"

அவர் சிரிக்கவில்லை. "ஆபரேஷனுக்கு அப்பறம் என் கையிலேர்ந்து ஒவ்வொண்ணா பிடுங்கியாச்சுக்கா. மம்பட்டியத் தொடாதேங்கிறாங்க. அருவாளத் தொடாதேங்கிறாங்க. வண்டிச் சாவிய எம்பொண்டாட்டி ஒளிச்சு வைக்கிறா. இந்த ரூம்புல மட்டுந்தான் நான் சீக்காளி இல்ல. இங்கயும் முறைய நிறுத்துனா, நான் இனிமே வரல."

டிரில் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கத்திய ஒரு தடவ நல்லாப் பாரும்மா. எதுனால எல்லாருக்கும் அதே இடத்துல படுது?"

பார்த்திருந்தேன். தையல் போட்ட அன்றைக்கே லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மடக்குக் கத்தி அலகில் நகம் வைத்து இழுக்க ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். பிடியை இடது கையில் பிடித்து, வலது பெருவிரல் நகத்தால் இழுத்துத் திறப்போம். இந்தக் கத்தியில் பள்ளம் மறுபக்கம் இருந்தது. பிடியில் தேய்ந்த குழிவும் அப்படியே. இடது கைக்காரர் ஒருவருக்காகச் செய்தது. நாங்கள் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் திறக்கவும் மடக்கவும் முடியும். அப்போது அலகு வந்து விழுகிற வழியில் எங்கள் இடது பெருவிரலின் அடி இருந்தது. இதைச் சொன்னபோது எனக்கே நிம்மதியாக இருந்தது. காரணம் தெரிந்த பயம் பாதிப் பயம்தானே.

விவசாயியின் முகம் மாறியது. "அப்படின்னா இது எனக்குத்தான் செஞ்சதுக்கா. நான் பொறவியில இடது கை. சோத்துலயும் சிலேட்டுலயும் அடிச்சு அடிச்சு எங்க அம்மா மாத்துனாங்க."

கத்தியைத் தாம்பாளத்தில் வைத்தேன். அவர் எடுத்தார். இடது கை நகம் பள்ளத்தில் உட்கார்ந்தது, அலகு சத்தமில்லாமல் திறந்தது. எங்கள் கையில் அது ஒருநாளும் சத்தமில்லாமல் திறந்ததில்லை. குழிவில் அவர் விரல் படிந்ததைப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

"பாத்தீங்களா" என்றார், சின்னப் பையன் மாதிரி.

அந்தப் புரட்டாசியில் நான் எதற்கும் நிம்மதியாக உட்காரவில்லை. விளக்குக்கடை என் கடைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஒருநாள் அங்கே ஒரு அம்மாள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "விளக்கு வாங்க வந்தவளுக்கு இடது கையால சில்லறை குடுக்கறீங்களே, நல்லாருக்கா?" கடைக்காரர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவர் தலைமுறையாக வியாபாரம் செய்கிறவர். இடது கையால் காசு கொடுப்பதற்குப் பதில் கடையை மூடிவிடுவார். அதுவும் வெட்டுப்பட்ட கை. அன்று நான் அதைக் களைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாத நடுவில் மாத்திரை கொடுக்கிற சாக்கில் விவசாயியின் வயலுக்குப் போனேன். சம்பா நடவு நேரம். உச்சிப்பொழுது. நடவாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சேறு கலக்கி நிறுத்திய தண்ணீரில் வானம் முழுக்கக் கிடந்தது. கொக்குகள் இரை தேடாமல், அத்தனையும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. காற்று இல்லை. சத்தம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. வரப்பில் அவர் உட்கார்ந்து நாற்றுமுடிகளின் கட்டை அறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிக்கும் கத்தியைத் திறந்து, அறுத்து, மடக்கினார். திறக்கையில் சத்தமில்லை. மடக்கும்போது மட்டும் டக்.

"எதுக்கு ஒவ்வொரு தடவையும் மடக்குறீங்க? கையில பட்டா?"

"தெரியலக்கா. அப்படித்தான் வருது." அவர் கையைப் பார்க்காமலே செய்துகொண்டிருந்தார்.

"கையைக் காட்டுங்க."

எங்கும் புதுக் காயம் இல்லை. இடது கையைத் திருப்பியபோது பெருவிரலின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நெல்மணி நீளம். கீழ்நுனியில் அரிவாள் வளைவு. பழைய தழும்பு. என் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் தையல் புள்ளிகள் இருந்தன, இன்னும் சிவப்பாக இருந்தது. வேறு வித்தியாசம் இல்லை.

"இது எப்பப் பட்டது?"

"பொறந்தப்பவே இருந்துச்சுன்னு எங்க அம்மா சொல்வாங்க." அந்தக் கோட்டை வலது பெருவிரலால் தடவினார். "நீங்க தையல் போட்டுக்கிட்டு வந்தீங்கல்ல, அன்னைக்கே பாத்தேன். சொன்னா பயந்துருவீங்கன்னு சொல்லல. என்னை அது முன்னமே வெட்டியாச்சுக்கா. இனிமே வெட்டாது."

என் விளக்கத்தை அங்கேயே மனதுக்குள் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இடது கைக்காரர் பிடியை வலது கையில்தான் பிடிப்பார். அலகு அவருடைய இடது பெருவிரலின் அடிக்கு வரவே முடியாது. எங்கள் மூன்று பேர் காயத்துக்கும் பொருந்திய காரணம் அவருடைய தழும்புக்குப் பொருந்தவில்லை.

அவர் மனைவி தூக்குவாளியில் மோர் கொண்டுவந்தார். டம்ளரை வாங்கிக் குடித்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்காவும் இடது கைதானா? எங்க வீட்டுக்காரரும் இப்ப மறுபடி அப்படித்தான் சாப்பிடுறாரு" என்றார்.

டம்ளர் என் இடது கையில் இருந்தது. வலது கை மடியில் சும்மா கிடந்தது. எனக்குத் தெரிந்து நான் இடது கையால் எதையும் வாங்கிக் குடித்ததில்லை. மாற்றிப் பிடித்தேன். கொஞ்சம் மோர் புடவையில் சிந்தியது.

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை மழை. பின்னறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். விவசாயி கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவிக் கொண்டுவந்திருந்தார். மாதம் முழுக்க ஒரு கீறல் இல்லை. நடவு முடிந்திருந்தது, ஆள் தெளிவாக இருந்தார். ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது, நானே பார்த்தேன். பயந்தது நடக்கவில்லை என்று அன்றுதான் ஒழுங்காகக் காபி குடித்தேன்.

"சார், உங்க முறை" என்று டிரில் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கத்தியைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"கீறல் எனக்கு, நோகாம அனுபவிக்கிறது உனக்காடா?" என்றார் டிரில் மாஸ்டர்.

எண்ணெய் தடவிய பிடி. தாம்பாளம் மேசை ஓரமாக இருந்தது. கத்தி வழுக்கி விளிம்பை நோக்கி ஓடியது. கீழே விழப்போகிறது என்று வெட்டுப்பட்ட நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.

கத்தி விளிம்பில் தட்டி நின்றுவிட்டது. யார் கையும் அதைத் தொடவில்லை. நீட்டிய கைகள் அப்படியே தாம்பாளத்துக்கு மேல் நின்றன. மூன்றும் இடது கை. மூன்று பெருவிரலின் அடியிலும் அதே கோடு, அதே வளைவு. என்னுடைய சிவப்புகூட அதற்குள் வெளுத்திருந்தது.

டிரில் மாஸ்டருக்கு எதற்கும் ஒரு கிண்டல் வரும். அன்று வரவில்லை. கையை மெதுவாக இழுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். கடைக்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல.

"உங்களுக்கும் இடது கைதான் முந்துதா?" என்று என்னைக் கேட்டார். தலையை ஆட்டினேன்.

விவசாயி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "முறை போதும்க்கா. இது என்கிட்டயே இருக்கட்டும். உங்களுக்கெல்லாம் போயிரும்."

முறையை நிறுத்தினால் இனிமேல் வரமாட்டேன் என்று ஆவணியில் சொன்ன மனிதர் அவர். இப்போது எங்களுக்காக அதைச் சுமக்கிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. மழை விடுவதற்காக உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கூடுகிறோம். கடைக்காரர் சில்லறையை வலது கையால் கொடுக்கிறார். டிரில் மாஸ்டரும் சரியாகத்தான் இருக்கிறார். விவசாயி மாதம் தவறாமல் மாத்திரை வாங்க வருகிறார். நன்றாக இருக்கிறார். சட்டைப்பை கனத்துத் தொங்குகிறது. மாத்திரை அட்டையை நான் அவர் கையில் கொடுப்பதில்லை. கவுண்டரில் வைக்கிறேன், அவர் இடது கையால் எடுத்துக்கொள்கிறார். வைத்த கை எது என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.