விட்டுக்கொடுக்கப் போட்ட சண்டை

என் கலியாணம் குழம்பப் பார்த்தது சீதனத்தாலோ சாதகத்தாலோ அல்ல. இரண்டு நல்ல மனிதர்களின் தாழ்ச்சியால். தாழ்ச்சி என்பது எங்கள் கத்தோலிக்கப் பேச்சு. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த புரட்டஸ்தாந்துக்காரர் அதையே தாழ்மை என்பார்கள். பெயர் எதுவானாலும் அளவோடு இருந்தால்தான் வீட்டுக்கு நல்லது என்பதை நான் அந்த வருடம் கண்டுகொண்டேன்.

என் ஐயா மன்னார்ப் பட்டினத்தில் ஒரு சம்மாட்டி. வள்ளமும் வலையும் ஆட்களும் வைத்துத் தொழில் செய்தவர். பக்கத்து வளவில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை மாஸ்டர் குடியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், இஸ்திரி போட்ட கோட்டு இல்லாமல் கிணற்றடிக்கும் போகமாட்டார். பின்னேரமானால் அவர் வீட்டில் ஆர்மோனியம் தொடங்கும். தொடங்கியதும் ஐயா எங்களை முழங்காலில் நிறுத்திச் செபமாலையை உரத்துச் சொல்லவைப்பார். அவர்கள் சன்னலைத் திறப்பார்கள், நாங்கள் கதவைத் திறப்போம். சர்வேசுரனுக்கு எங்கள் தெருவில் மட்டும் காது அடைத்துப் போயிருக்கும்.

எதிரில் கண்டால் வேறு சண்டை. நாங்கள் சுருபத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவதை மாஸ்டர் கேட்பார், அவர்கள் தேவமாதாவை மதிக்காததை ஐயா கேட்பார். இருவருமே மரியாதை குறையாமல் நீங்கள், நாங்கள் என்றுதான் பேசுவார்கள். அந்த மரியாதையைக் கேட்டால் அடிதடி பரவாயில்லை என்று தோன்றும்.

இந்த நிலையில் எங்கள் தென்னோலைக் கிடுகு வேலியை ஒரு கழுதை தின்றது. மன்னார்க் கழுதைக்குக் கிடுகும் ஒன்றுதான், கந்தோர்க் காகிதமும் ஒன்றுதான். அது வேலியில் ஓட்டையாகப் போட்ட பொட்டு வழியாக நான் மாஸ்டரின் மூத்த மகனைப் பார்த்தேன். தலைமன்னார் ரயில் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். அவரும் என்னைப் பார்த்தார். வேலியை அடைக்கச் சொல்லி அம்மா சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு வேறு அவசர வேலை வந்தது.

விசயம் வெளியே வந்தபோது ஊர் முழுவதும் நல்ல சண்டை ஒன்றுக்குக் காத்திருந்தது. ஆனால் எங்கள் வெள்ளைக்காரச் சுவாமியார் ஐயாவைக் கூப்பிட்டு, கோபத்தை விட்டுத் தாழ்ச்சியாக நடக்கச் சொல்லிவிட்டார். அங்கே போதகரும் மாஸ்டருக்கு அதே புத்தியைச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நல்லவர்களாகிவிட்டார்கள். என் கெட்ட காலம் அங்கேதான் தொடங்கியது.

கலியாணம் பேசும் பேச்சுக்கால், நாற்பது நாள் நோன்பான தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விழுந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தது அன்றைக்குத்தான். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மீன் மட்டுமே உண்டு, இறைச்சி வாசம்கூட ஆகாது. ஐயாவோ தன் ஒறுத்தலை விருந்தாளியின் தலையில் கட்டக்கூடாது என்று முடிவெடுத்து ஆட்டிறைச்சிக் கறி கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"என்ரை சட்டியிலையோ? தபசுகால வெள்ளியிலையோ?" என்று அம்மா கேட்டார். அதற்குமேல் ஐயா அடுப்படிக்கே போகவில்லை. எருக்கலம்பிட்டியில் இருந்த தன் முஸ்லிம் சங்கு வியாபாரச் சிநேகிதரிடம் சொல்லி, அங்கேயே சமைப்பித்து, பெரிய பானையில் வண்டிலில் எடுப்பித்தார்.

அந்தப் பக்கத்தில் மாஸ்டர் என்ன செய்திருக்கிறார் என்றால், வெள்ளிக்கிழமை விலக்கெல்லாம் மனிதர் உண்டாக்கிய கட்டளை என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர், அன்றைக்கு எங்களுக்காகத் தன் குடும்பத்தில் ஒருவரும் இறைச்சி தொடக்கூடாது என்று காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார்.

பானையைத் திறந்தார்கள். வீடு முழுவதும் மணத்தது.

"சாப்பிடுங்கோ மாஸ்டர், உங்களுக்கெண்டே செய்விச்சது."

"வேண்டாம் சம்மாட்டியார். உங்கட விரத நாளிலை நான் அதைத் தொடமாட்டன்."

"எங்களுக்குத்தான் விரதம். உங்களுக்கு என்ன?"

"உங்களுக்கு உள்ளது எனக்கும் இருக்கட்டும்."

இப்படியே சோறு ஆறியது. கடைசியில் எல்லோரும் பாரைமீன் சொதியோடு எழும்பினார்கள். பானையைத் திருப்பி எடுத்துப்போகக் காத்திருந்த வண்டில்காரர் மட்டும் முற்றத்துப் பூவரசின் கீழே இருந்து, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். அன்று எங்கள் வீட்டில் வயிறார உண்ட ஒரே மனிதர் அவர்தான்.

பிறகு கலியாணப் பேச்சு. நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஐயா தொண்டையைச் செருமினார். "மாஸ்டர், நான் பெரிய மனுசனெண்டு காட்ட வரேல்லை. கலியாணம் உங்கட கோவிலிலையே நடக்கட்டும்."

அம்மாவின் கையிலிருந்த வெற்றிலைத்தட்டு சத்தம் போட்டது.

"அதெப்பிடிச் சம்மாட்டியார்?" என்றார் மாஸ்டர். "பொம்பிளை வீட்டாற்றை மனம் நோகக்கூடாது. உங்கட கோவிலிலை நடக்கட்டும்."

"இல்லை, உங்கட."

"இல்லையில்லை, உங்கட."

"அப்ப பிறக்கிற பிள்ளையள் உங்கட வேதத்திலை வளரட்டும்."

"பிள்ளையள் தாயின்ரை வேதத்திலைதான் வளரோணும். அதை நான் முழு மனதோடை தாறன்."

இன்னும் பிறக்காத என் பிள்ளைகளை இருவரும் வேண்டாத பண்டம்போல மாறி மாறித் தள்ளிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இதில் யாராவது ஒருவர் சரி என்று சொன்னால் போதும், என் வாழ்க்கை நடக்கும். இருவருக்கும் அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. வாங்கிக்கொள்பவன் மற்றவனை விடக் குறைந்துபோவான் என்று இருவரும் நம்பினார்கள்.

"என்னைவிட நீங்கள் தாழ்ச்சியான ஆளெண்டு காட்டப் பாக்கிறியள்" என்றார் ஐயா.

"நான் தாறதைக் கைநீட்டி வேண்ட உங்களுக்கு மனமில்லை. அதுக்குப் பேர் பெருமை" என்றார் மாஸ்டர், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு.

மாஸ்டர் வீட்டார் எழும்பிப் போய்விட்டார்கள். அடுத்த நாள் காலையில் வேலிப் பொட்டு அடைபட்டிருந்தது, இரண்டு பக்கத்தாலும்.

பூசைக்குப் பிறகு ஐயா நடந்ததைப் பெருமையோடு சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டாராம். "கோபப்படாதை எண்டுதான் சொன்னனான். பேரப்பிள்ளையின்ரை ஞானஸ்நானத்தைத் தூக்கிக் குடுக்க உனக்கு ஆர் அதிகாரம் தந்தது?" ஐயா தொங்கிய முகத்தோடு வந்தார். ஆனால் தன் சொல்லைத் திருப்பி எடுத்ததாக மாஸ்டருக்குச் சொல்லி அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை.

தபசுகாலம் முடிந்து உயிர்த்த ஞாயிறும் போனது. இரண்டு வீட்டிலும் என் பேச்சே இல்லை. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பார்ப்பதாக மீன் வாங்க வந்தவள் சொன்னாள். நான் அன்று அழுதேன். அழுது முடிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டு நல்லவர்களும் என்னைக் கன்னிமடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அதற்கும் யார் காரணம் என்று தாழ்ச்சியோடு வாதாடுவார்கள்.

மாஸ்டர் வாசலில் கதிரை போட்டு வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தார். நான் படலையைத் திறந்துகொண்டு நேரே போய் நின்றேன்.

"மாஸ்டர், நீங்கள் தந்ததை வேண்ட வந்தனான்."

"நான் என்ன தந்தனான் பிள்ளை?"

"எங்கட கோவிலிலை கலியாணம். பிள்ளையள் எங்கட வேதத்திலை. முழு மனதோடை தாறனெண்டு சொன்னனீங்கள். நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

"உங்கட ஐயா ஒத்துக்கொண்டாரோ?"

"தந்தது நீங்கள். எடுக்கிறது நான். ஐயாவுக்கு இதிலை வேலை இல்லை."

மாஸ்டர் வேதாகமத்தை மூடினார். ஐயா ஒருநாளும் சரி சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அவர் அவ்வளவு தாராளமாகக் கொடுத்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மறுத்திருக்கலாம். பேச்சு முறிந்துபோன விசயம் என்று சொல்லியிருக்கலாம். அவர் "சொன்னது சொன்னதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து, "ஐயா, தாழ்ச்சியிலை மாஸ்டர் வெண்டிட்டார்" என்றேன். ஐயா அன்றிரவு சோறு தின்னவில்லை.

வேறு சபைக்காரரோடு கலியாணம் என்றால் அந்தக் காலத்தில் பீடத்துக்கு முன்னால் நடத்தமாட்டார்கள். சுவாமிமார் பூசை உடுப்பு மாற்றும் சின்ன அறையில், பாட்டும் பூசையும் இல்லாமல் முடித்துவிடுவார்கள். அந்த அறையில் மாஸ்டர் தன் கறுப்புக் கோட்டோடு சுவரோரமாக நின்றார். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாகச் சுவாமியார் என் அவரிடம் வாக்குக் கேட்டபோது மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். அன்று பின்னேரம் அவர் வீட்டில் ஆர்மோனியம் கேட்கவில்லை. ஐயாவும் அன்று செபமாலையை மெதுவாகத்தான் சொன்னார்.

அடுத்த வருடம் எனக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஐயாதான் ஞானத்தகப்பன் என்று அவரே தீர்மானித்து, அதற்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து சால்வை எடுப்பித்தார். அதைப் போட்டுக்கொண்டு ஒரு கிழமை வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினார். மாஸ்டரிடம் நான் போய்ச் சொன்னேன்.

"வாசல்மட்டும் வாறன் பிள்ளை. உள்ளை வந்து நிண்டு ஓமெண்டு தலையாட்ட என்ரை மனச்சாட்சி விடாது" என்றார்.

சொன்னபடி வந்தார். நாங்கள் எல்லோரும் உள்ளே ஞானஸ்நானத் தொட்டியடியில் நின்றோம். அவர் தனியாக வெளியே தூணோரம் நின்றார், வெயிலில், குடையை விரிக்காமல். ஐயா பிள்ளையை ஏந்தியபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகும் ஒருமுறை பார்த்தார். சுவாமியார் புத்தகத்தைத் திறக்கும்போது பிள்ளையை என் தம்பியின் கையில் கொடுத்தார். சால்வையைக் கழற்றி அவன் தோளில் போட்டார். யாருக்கும் எதுவும் சொல்லாமல் வெளியே போய் மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றார்.

அங்கேயும் பழைய வாதம் தொடங்கியது.

"பச்சைப் பிள்ளையின்ரை வாயிலை உப்பு வைக்கிறது எந்த வேதத்திலை கிடக்கு சம்மாட்டியார்?"

"பழுதாகாமல் இருக்கோணுமெண்டால் உப்புப் போடத்தானே வேணும். மீனுக்கும் போடுறம்தானே மாஸ்டர்?"

சுவாமியார் வாசலைப் பார்த்து முறைத்தார். பிறகு என் மகனின் நாக்கில் உப்பை வைத்தார். பிள்ளை கோவில் கூரை அதிரக் கத்தியது.

"கேட்டியளோ?" என்றது மாஸ்டரின் குரல். "பேரன் என்ரை பக்கம்."

ஐயா என்ன திருப்பிக் கொடுக்கப்போகிறாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் மாஸ்டர்" என்றார் ஐயா. "உங்கட பக்கம்தான்."

மாஸ்டர் இந்தமுறை வேண்டாம் என்று சொல்லவில்லை. குடை விரிபடும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது இருவரும் அதற்குக் கீழே நின்றார்கள்.