குங்கும டப்பாவில் ஒரு ப்ராசசர்

போன வாரம் என் லேப்டாப் ரொம்பவும் சோம்பேறியாகிவிட்டதென்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ப்ராசசரை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டேன். "அது போர்டோட சேர்ந்தே வரும் சார், தனியாக் கழட்ட முடியாது. முழு போர்டையும் மாத்தணும். பழச நாங்களே எடுத்துக்குவோம், லேப்டாப்ப வெச்சிட்டுப் போங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். நான் வைக்கவில்லை. ஒரு காரணம் சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் பார்த்த பார்வை எனக்குப் புதிதல்ல. இருபது வருடங்களுக்கு முன்பு அதே பார்வையை நான் ஆரணியில் ஒருவரைப் பார்த்து வீசியிருக்கிறேன்.

அப்போது நான் ஆரணியில் ஹார்டுவேர் இன்ஜினியர். அப்படிச் சொல்லிக்கொண்டது நான் ஒருவன்தான். கைவசம் ஒரு ஸ்க்ரூ டிரைவர், மூன்று மாதப் பயிற்சிக்கு ஒரு சர்டிபிகேட், ஒரு ரப்பர். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர்தான். எந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் உள்ளே இருக்கும் மெமரி அட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டுவேன். பாதி எழுந்துவிடும். மீதிப் பாதிக்கு "வைரஸ்" என்று சொல்லிவிடுவேன். ஒருவரும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஊருக்கு ஊர் கம்ப்யூட்டருக்குள் சேரும் தூசி வேறு. ஆரணியில் பெட்டியைத் திறந்தால் ஃபேனைச் சுற்றிப் பட்டு நூலின் பிசிறு அப்பியிருக்கும். அரக்கு நிறத்தில் இருந்தால் அந்த வீட்டுத் தறியில் அரக்குச் சேலை ஓடுகிறது என்று அர்த்தம். சேவூர் பத்மாக்கா வீட்டுப் பெட்டியில் எல்லா நிறமும் இருக்கும். அவர் கணவர் முன்கூடத்தில் தறியில் உட்கார்ந்திருப்பார். உள்ளறையில் பத்மாக்கா கம்ப்யூட்டரில் சேலைக் கரைக்கு டிசைன் போடுவார். இவர் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பதைப் பார்த்துத்தான், தறிக்கு மேலே ஓடுகிற அட்டைகளில் துளை குத்துவார்கள்.

பல வருடம் இன்னொருவருக்குக் கீழே வரைந்துகொண்டிருந்தவர், அப்போதுதான் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு கல்யாணச் சேலைக்கு ஆர்டர் பிடித்திருந்தார். திங்கட்கிழமை காலை டிசைன் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த ஆர்டர் பழைய இடத்துக்கே போய்விடும். பின்னாலேயே இவரும் போக வேண்டியதுதான். கம்ப்யூட்டரோ அவசரம் அறியாதது. கரையில் இருக்கும் மயிலைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு கிளிக் செய்துவிட்டு, டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால், அப்போதுதான் மயில் கழுத்து வரை வந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் புது ப்ராசசரை மாட்டினேன். மயில் தோகையோடு ஒரே நொடியில் வந்து நின்றது. "அடேங்கப்பா!" என்றார் பத்மாக்கா. நான் பழைய ப்ராசசரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பழசு எனக்கு என்று முன்பே பேசியிருந்தோம். அன்று சாயங்காலம் பெங்களூருக்கு பஸ் ஏறும் நண்பனுக்கு அதைத் தருவதாக நான் வாக்கும் கொடுத்திருந்தேன்.

"தம்பி, அத இன்னிக்கு எடுத்துகினு போவாத. வெள்ளிக்கெழம வூட்டுப் பொருள் வெளிய போவக் கூடாது."

"இது ப்ராசசர், அக்கா. அரிசியா, உப்பா?"

"இருக்கட்டுமே. இத்தினி நாளு இந்த வூட்டுல ஒழச்சிருக்குதில்ல? நாளைக்கு வந்து வாங்கிக்கோ."

"கம்ப்யூட்டருக்கெல்லாம் வெள்ளிக்கிழமை உண்டா அக்கா?" என்று கேட்டு ஒரு பார்வை பார்த்தேன். சர்டிபிகேட் வாங்கியவன் அல்லவா! அவர் கோபப்படவில்லை. அடியில் கால்கள் மெல்லிசாக இருக்கின்றன, வளைந்துவிடும் என்று அதைப் பட்டுத் துண்டில் சுற்றி, காலியான ஒரு குங்கும டப்பாவில் வைத்து மூடினார். நான் காபி கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். நண்பன் என்னைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினான்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, மயிலு அப்டியே நின்னுபோச்சு. இன்னா அமுக்கினாலும் அசையல. ஒரே பேஜாரா இருக்குது, ஜல்தியா வா."

போனேன். ரப்பரால் தேய்த்தேன். வைரஸ் என்றேன். கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஓடிவிட்டு உறைந்து நின்றது. உச்சிவேளையில் திரும்பிப் பார்த்தால், பத்மாக்கா தரையில் கட்டம் போட்ட தாளை விரித்துப் பென்சிலால் வரையத் தொடங்கியிருந்தார். கையால் வரைந்தால் பத்து நாள் வேலை. அது அவருக்குத் தெரியாதா? என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

எஸ்டிடி பூத்துக்கு ஓடி, ப்ராசசர் வாங்கிய சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். "அந்த போர்டுக்கு இந்த ப்ராசசர யாருன்னே தெரியாதுபா. பயாஸ்னு போர்டுக்குள்ள ஒரு புரோகிராம் இருக்குதே, அத அப்டேட் பண்ணாம மாட்டினியா? பழச மாட்டிட்டு அப்டேட் பண்ணு, அப்புறம் புதுசப் போடு. புதுச வெச்சிகினே பண்ணி நடுவுல நின்னா போர்டே காலி. பழசு கைல இருக்குதில்ல?"

"இருக்கு" என்றேன். என் இஷ்டப்படி நடந்திருந்தால் அது அந்நேரம் பெங்களூரில் இருந்திருக்கும்.

பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரம் காத்திருந்து அந்த ஃபைலை இறக்கி, ஃப்ளாப்பியை நம்ப முடியாதென்று இரண்டில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

"அக்கா, அந்தப் பழசு..."

"இன்னிக்கு சனிக்கெழம. தாராளமா எடுத்துகினு போ."

"வெளிய இல்லக்கா. உள்ள மாட்டத்தான்."

டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். கால்களுக்கு நடுவே குங்குமம் ஏறியிருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் துடைத்து மாட்டினேன். அப்டேட் நடக்கும் இரண்டு நிமிடம் கரண்ட் போகக் கூடாது. எங்கள் ஊரில் கரண்ட் போவதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. "படவேட்டம்மா, பாத்துக்கோம்மா" என்றார் பத்மாக்கா. கம்ப்யூட்டருக்கு வெள்ளிக்கிழமை உண்டா என்று கேட்டவனும், உதடு அசையாமல் அதையே சொன்னான். கரண்ட் போகவில்லை. புதுசை மறுபடி மாட்டியதும் மயில் வந்தது. ராத்திரி வரை உறையாமல் நின்றது. திங்கட்கிழமை டிசைன் போய்ச் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை ராத்திரி நான் புறப்படும்போது அவரே டப்பாவை நீட்டினார். "இந்தா, நேத்து கோச்சிகினு போனியே. ஆமா, இன்னாதான் ஆச்சு அதுக்கு?"

"வைரஸ்க்கா" என்றேன்.

அதன்பிறகு அவர் பெயரில் எத்தனையோ கரைகள் வந்தன. எத்தனையோ முறை அந்த வீட்டில் காபி குடித்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. இன்று நேரம் கிடைக்கும், நாளை கிடைக்கும் என்றிருந்தேன். பத்மாக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஃப்ளாப்பி, பூத், பிரவுசிங் சென்டர் எதுவும் இல்லை. போனால் போகட்டும். புதுசு கைவிட்டால் எடுத்து மாட்டிக்கொள்ள வீட்டில் ஒரு பழசு இருக்கும் என்ற தைரியமும் சேர்ந்து போய்விட்டதே. டப்பா மட்டும் என் மேஜையில் இருக்கிறது.

கவுண்டர் பெண்ணிடம் நான் சொன்ன காரணம் இதுதான்: "இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. நாளைக்குக் கொண்டாந்து தரேன்."

"லேப்டாப்புக்கெல்லாம் வெள்ளிக்கிழமை உண்டா சார்?" என்றாள்.

"உண்டும்மா" என்றேன்.