என் மகள் செய்தது சூனியமல்ல

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருடமாக யோசித்தேன். ஒரே தொடர்மாடியில் இருக்கிறோம், படியில் முகம் பார்க்க வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும், தேசிக்காய் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும், அப்பச்சோடாவும் சேர்த்தால் நுரைத்துப் பொங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தாள். குசினித் தரை கறைபடும், வெளியே போய்ச் செய் என்று அனுப்பியது நான்தான். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு வெளி என்றால் கீழே பொதுக்குழாயடி. அதை ஒட்டித்தான் கீழ்வீட்டு அக்காவின் வாசல். அவருடைய கணவர் அந்தக் கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார்.

சிவப்புத் தண்ணீரையும் வெட்டிய தேசிக்காயையும் கண்டதும் அக்கா படம் எடுத்து மாடிக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நான் இறங்கிப் போவதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"சூனியம் இல்ல அன்ரி, மஞ்சளும் சுண்ணாம்பும்தான். திரும்பச் செஞ்சு காட்டட்டா?" என்று பிள்ளை கேட்டாள்.

"இந்த வயசில தேசிக்காய் வெட்டுறா. இன்னும் ரெண்டு வருசத்தில கோழி அறுப்பா," என்றார் அக்கா. சிலர் சிரித்தார்கள்.

"அக்கா, நாங்க ஆலாத்திக்குக் கரைக்கிறதும் இதுதானே," என்றேன்.

"ஆலாத்தி எடுக்க இங்க என்ன கலியாணமா? மனசில கள்ளம் இல்லையெண்டா கோயில்ல எரியிற கற்பூரத்தைக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாயந்தரம் கூட்டிக்கொண்டு போனேன். எரிகிற கற்பூரத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் பொய் சொல்லேல்லையே," என்றாள்.

"அணை பிள்ளை," என்றேன். அணைத்தாள்.

வெள்ளி தவறாமல் விரதம் பிடிக்கிறவள் நான். அதனால்தான் கேட்கிறேன். அப்பச்சோடாவுக்கு ஒரு குழந்தையிடம் சத்தியம் வாங்கத்தானா சாமி சந்நிதியில் இருக்கிறது?

அக்காவின் கணவர் மூன்றாம் நாள் நடந்து வீடு வந்தார். படத்தை யாரும் அழிக்கவில்லை. கதை பரவப் பரவ ஒரு தேசிக்காய் ஏழானது, சாம்பலும் முடியும் சேர்ந்தன. முகத்துவாரத்திலிருந்து என் மச்சாள் போன் எடுத்து, "மண்டையோடும் இருந்ததாமே?" என்று கேட்டாள்.

இன்றும் விஞ்ஞானச் செய்முறை என்றால் மகள் வகுப்பின் கடைசியில் போய் நிற்கிறாள் என்று ரீச்சர் சொல்கிறார். அக்கா மேல் எனக்குக் கோபம். என்மேல் அதைவிடக் கோபம்.

வாசிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். அங்கே இருந்தது மஞ்சள், சுண்ணாம்பு, அப்பச்சோடா, ஒரு தேசிக்காய். எதையும் கூட்ட வேண்டாம். நான் "அணை" என்று சொன்னதையும் விட்டுவிட வேண்டாம்.