முதுகில் விழுந்த முப்பத்தொன்பது

திருமங்கலத்துப் பருத்தி மண்டியில் பொதி எண்ணுவது என் வேலை. ஏறிய பொதி எத்தனை, இறங்கிய பொதி எத்தனை என்று நான் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. இருபத்தாறு வயதில் அப்படி ஒரு பெயர் எடுத்தால் மனுஷனுக்குத் தலைக்கனம் வரத்தான் செய்யும். எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே வந்திருந்தது.

யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்திய காலம் அது. இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் இனிக்கிறது. மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் அன்று படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பட்டமும் பொன்னாடையும் வாங்கியவர்களை நான் சொல்லவில்லை. அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. அச்சில் ஒரு வரிகூட ஏறாமல் போய்ச் சேர்ந்தவர்களைத்தான் சொல்கிறேன். வைகை மணலில் நடந்துகொண்டே தானே கேள்வி கேட்டு, தானே மறுத்து, கடைசியில் தன்னிடமே தோற்றுப் போகிற சித்தாந்தி ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை முழுக்க மௌனம் காக்கிற சாமியார் ஒருவர் வருவார். அந்தப் பாக்கியையும் சேர்த்து வியாழக்கிழமையே பேசித் தீர்த்துவிடுவார். மண்டி வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு இவர்கள் பேச்சைக் கேட்க ஓடுவோம். பாதி புரியாது. புரியாததை வழியெல்லாம் பேசிக்கொண்டே வீட்டுக்குத் திரும்புவதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகம் பிறகு எனக்கு எதிலுமே கிடைக்கவில்லை.

அந்த வரிசையில் வந்தவர்தான் விளாங்குடி அவதானி. ஒரே நேரத்தில் எட்டுக் காரியங்களில் கவனம் வைத்து எட்டையும் பிசகாமல் முடித்துக் காட்டுவதற்கு அட்டாவதானம் என்று பெயர். அதைச் செய்கிறவர் என்றால் பழுத்த கிழவராக, கழுத்து நிறைய உருத்திராட்சத்தோடு இருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வந்தவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். சம்சாரி வீட்டுப் பிள்ளை. கால் நகத்தில் வயல் சேறு அப்பியிருந்தது. மடத்துப் புலவர் ஒருவரிடம் ஆறு வருஷம் நடையாய் நடந்து பாடம் கேட்டாராம். "ஏர் பிடிக்கிறவனுக்கு எதுக்குய்யா அவதானம்?" என்று டவுன் பண்டிதர்கள் சிலர் அவர் காதுபடவே சிரித்தார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்போது தமிழ் வாத்தியார் வேலை காலியாக இருந்தது. பள்ளிக்கூட நிர்வாகி எனக்குத் தூரத்து மாமா முறை. அவதானிக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஏரை விட்டுவிட்டுத் தமிழைக் கட்டிக்கொண்டு வாழ அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். டவுன் பண்டிதர் ஒருவரும் அதே வேலையைக் கேட்டிருந்தார். மாமா ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்து ஒரு நிபந்தனை போட்டார்.

"எட்டையும் எட்டாச் செஞ்சு காட்டட்டும், வேலை அவருக்குத்தான். ஒண்ணு பிசகுனாலும் டவுன் பண்டிதருக்குக் குடுத்துருவேன். பொறவு என்னையக் குத்தம் சொல்லப்படாது."

பங்குனி மாதத்தில் ஒரு பிற்பகல், பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் ஜமுக்காளம். அவதானி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெற்று முதுகோடு உட்கார்ந்தார். எதிரே ஒருவர் சதுரங்கப் பலகையோடு இருந்தார். பக்கத்தில் ஒருவர் நினைத்தபோதெல்லாம் மணி அடிப்பார். ஒருவர் பெருக்கல் கணக்குப் போடுவார், இன்னொருவர் சைவத்தில் கேள்வி கேட்பார். ஒருவர் என்றைக்கோ கழிந்த தேதியைச் சொல்லி அது என்ன கிழமை என்பார். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்க ஒருவர். இவ்வளவுக்கும் நடுவில் அவர் வாய் முருகன் பேரை விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எட்டாவது காரியத்துக்கு ஆள் நான். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகில் கல் போட வேண்டும். கடைசியில் எத்தனை கல் விழுந்தது என்று அவர் சொல்வார். சரியா தவறா என்று நான் சொல்வேன்.

"எண்ணுறதுல எம் மாப்ளைய அடிச்சுக்க ஆளில்ல" என்று மாமாதான் என்னை அங்கே உட்கார வைத்தார்.

நான் ஒரு சாமர்த்தியம் செய்தேன். மண்டியில் நான் வாயால் எண்ணுவதில்லை. வண்டிக்கு நாற்பது பொதி என்றால் நாற்பது புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொள்வேன். ஒரு பொதி ஏறினால் ஒரு கொட்டையைக் கீழே போடுவேன். மடி காலியானால் வண்டி நிறைந்தது என்று அர்த்தம். அன்றும் கல்லுக்குப் பதில் நாற்பது புளியங்கொட்டையை எண்ணி மடியில் கட்டிக்கொண்டேன். கல் என்றால் மனுஷனுக்கு வலிக்குமே என்று மற்றவர்களிடம் சொன்னேன். எண்ணுகிற தொல்லை இல்லாமல் வெண்பாவை நிம்மதியாகக் கேட்கலாம் என்பதுதான் உண்மையான காரணம்.

அது கேட்க வேண்டிய வெண்பாதான். 'நீரில்லா ஆற்றிலே மீன்' என்று முடிக்கச் சொல்லி ஈற்றடி கொடுத்திருந்தார்கள். அவதானி ஒரு அடி சொல்வார், சதுரங்கத்தில் ஒரு காயை நகர்த்துவார், கிழமை சொல்வார், முருகனைக் கூப்பிடுவார், பிறகு வந்து அடுத்த அடியைத் தொட்டுக்கொள்வார். கோடையில் வறண்ட வைகையில் பெண்கள் ஊற்றுத் தோண்டக் குனிகிறார்கள். அந்த ஆற்றில் மீன் என்று இருப்பது அவர்களுடைய கண்கள் மட்டும்தான். அப்படிக் கொண்டுபோய் அவர் முடித்தபோது பந்தலே ஆர்ப்பரித்தது. நானும் புளியங்கொட்டையைப் பிடித்த கையாலேயே தொடையைத் தட்டிக்கொண்டேன். பொழுது போனதே தெரியவில்லை. மடியில் கைவிட்டுத் துழாவினேன். காலி.

கடைசியில் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மணி சரி, கிழமை சரி, கணக்கு சரி, சைவக் கேள்விக்குச் சொன்ன பதிலும் சரி. சதுரங்கத்தில் எதிராளி எழுந்து கும்பிட்டுவிட்டார். முருகன் பேரும் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. மிச்சம் இருந்தது என்னுடையது மட்டும்.

"முதுகில் விழுந்தது எத்தனை?"

"முப்பத்தொன்பது" என்றார் அவதானி, யோசிக்காமல்.

மாமா என்னைப் பார்த்தார்.

"நாப்பது" என்றேன். எனக்குச் சந்தேகம் என்பதே இல்லை.

ஜமுக்காளத்தில் கிடந்ததைப் பொறுக்கினார்கள். முப்பத்தாறுதான் அகப்பட்டது. மற்றவை கூட்டத்தில் உருண்டோடியிருக்கும் என்றார்கள். ஆகவே போட்டவன் சொல்தான் சொல். "புளியங்கொட்டை லேசுல்ல, ஒண்ணு பட்டது தெரிஞ்சிருக்காது" என்று ஒருவர் பரிதாபப்பட்டார். அவதானி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு, "சபை சொன்னாச் சரிதான்" என்று துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வேலை டவுன் பண்டிதருக்குப் போயிற்று.

பொழுது சாய வீட்டுக்கு வந்து, குளிப்பதற்காகக் கிணற்றடியில் வேட்டியை அவிழ்த்து உதறினேன். துவைகல் மேல் டக்கென்று ஏதோ விழுந்தது. புளியங்கொட்டை. வேர்வையில் நனைந்த மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பந்தலில் கிடைத்த மரியாதையெல்லாம் அந்தக் கணத்தில் எனக்குக் கசந்து போயிற்று. அதை எடுத்துக் குப்பைக்குழியில் எறிந்தேன். எறிந்தால் ஆகிவிடுமா? தண்ணீர் இறைக்கவே கை வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாமாவிடம் ஓடினேன். அவர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் முழுக்கக் கேட்டார்.

"பண்டிதருக்கு வெத்தல பாக்கு வச்சுக் குடுத்தாச்சு மாப்ள. சபையில சொன்ன சொல்ல ஒத்தப் புளியங்கொட்டைக்காக மாத்துனா ஊரு சிரிக்கும். என்னையச் சிரிச்சாலும் பரவாயில்ல. எண்ணத் தெரியாத பயன்னு உன்னையவுல்ல சொல்லும்?"

இந்தக் கடைசி வார்த்தைதான் என் வாயை அடைத்தது. மாமா தடுத்தார், நான் என்ன செய்வேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் விளாங்குடிக்குப் போய் அவதானியிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாமே? யாரும் தடுக்கவில்லை. இந்த வாரம் மண்டியில் வேலை அதிகம், அடுத்த மாதம் அறுப்பு என்று தள்ளிக்கொண்டே போனேன். வெட்கங்கெட்டதனம் என்பதைத் தவிர வேறு பேர் அதற்கு இல்லை. அவர் பிறகு எங்கும் அவதானம் செய்யவில்லை என்று காதில் விழும். கேட்காத மாதிரி இருந்துகொள்வேன்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. அக்காள் மகளுக்குக் காதுகுத்து. பந்திக்கு வாழையிலை வாங்க ஆரப்பாளையம் போயிருந்தேன். அங்கே தரையில் இலைக்கட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவதானிதான். நான் சற்றுத் தள்ளி நின்றேன். ஒருவர் நூறு இலை கேட்டார். அவதானி எண்ணிக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் எண்ணினார். முதல் இலைக்கே திரும்பி, விரலால் தொட்டுத் தொட்டு மூன்றாம் தடவையும் எண்ணினார்.

"என்னாண்ணே, எண்ணத் தெரியாதா?" என்று வாங்க வந்தவர் கேலி செய்தார்.

"பிசகிப் போயிருமேன்னுதான்" என்றார் அவதானி.

வெண்பாவையும் சதுரங்கத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு முதுகில் விழுந்ததை எண்ணிய மனுஷன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஓடிவிடவும் முடியவில்லை. இலையெல்லாம் விற்றுத் தீருமட்டும் காத்திருந்து, "புலவரே, உங்க கூட வீடு வரைக்கும் வாரேன்" என்றேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் சுளிக்கவில்லை. விளாங்குடி போய்ச் சேரும்வரை மழையைப் பற்றியும் கண்மாய்த் தண்ணீரைப் பற்றியும் அவர் பேசிக்கொண்டு வந்தார். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கையில் வாங்கிக்கொண்டேன், குடிக்க முடியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். நாற்பதாவது கொட்டை என் மடியிலேயே இருந்துவிட்டது, உங்கள் முதுகில் விழுந்தது முப்பத்தொன்பதுதான், அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும் என்று.

அவதானி வாயைத் திறக்குமுன் அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"அன்னைக்கே தெரியுமா? மூணு வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக? நாலு வருசம் இந்தக் கையாலதாண்ணே இவுக முதுகுல நெல்லுப் போட்டுப் பழக்குனேன். உலையில அரிசி வேகுற நேரமெல்லாம் போட்டேன். ஒத்த நெல்லு விட்டதில்ல. அந்தாளுதான் தப்பா எண்ணியிருப்பாருன்னு வந்த அன்னைக்கே சொன்னேன். இவுக நம்பல. உங்க வார்த்தையத்தான் நம்புனாக!"

மண்டியில் நாலு பேர் வைவதைக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாள் வைததுபோல எனக்கு எதுவும் உறைத்ததில்லை. அவ்வளவும் நியாயம். அவதானி காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் கையமர்த்தி மனைவியை நிறுத்தினார்.

"வேலை போனதுகூடப் பெருசில்லண்ணே. என் புத்தியில ஓட்டை விழுந்துருச்சுன்னு நெனச்சுட்டேன். ஒரு தடவ தவறுனவன் மறுபடியும் தவறுவான்ல? அதுக்குப் பொறவு ஒரு பாட்டு முழுசா வரல. ரெண்டாவது அடி சொல்லும்போதே மொத அடி சரியான்னு பயந்துக்கிருவேன். இலையக்கூட மூணு தடவ எண்ணுறேன். அம்புட்டும் நீங்க பாத்திருப்பீக."

பார்த்தேன் என்று தலையை அசைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே."

"முப்பத்தொன்பதுதான். நீங்க சொன்னதுதான் சரி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பொழுது இருட்டி நான் கிளம்புகிறவரை, அவர் கேட்டபோதெல்லாம் சொன்னேன்.