அறுபடாத வலை

செட்டியார்பட்டியில் முயல் வலை என்றால் மாரிச்சாமிதான் என்று அவனுடைய அக்கா பரிபூரணம் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள். வலையின் முனைக்கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அவன் புதருக்குள் உட்கார்ந்திருப்பான். முயல் முட்டுகிற அதிர்வு கைக்குத் தெரிந்ததும் பாய்ந்து அமுக்கிவிடுவான். தப்பித் தவறிக் காட்டுப்பன்றி விழுந்தாலும் பயமில்லை. சணல் வலையை அறுத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடிவிடும்.

எண்பத்தேழில் ராஜபாளையம் கடைத்தெருவில் நைலான் கயிறும் நூலும் வாங்கி வந்து, பரிபூரணமே கண்ணி பிசகாமல் புது வலை பின்னிக் கொடுத்தாள்.

"எக்கா, இனிமே ஒட்டுப்போடுற சோலியே இல்ல. யானை இழுத்தாலும் அறாது!"

"ரொம்பப் பீத்தாதலே. வெறுங்கையோட வந்தா சோறு கிடையாது."

சிரித்துக்கொண்டே நாய்களோடு மலையடிவாரத்துக்குப் போனான்.

சாயங்காலம் மிச்ச நூலைச் சுற்றும்போது அது அவள் விரலில் சுருக்கிட்டுக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தாள். நூல் அறவில்லை, சதைதான் அறுந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தம்பியின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. இன்றும் வலைக்கயிற்றை அதில்தான் கட்டியிருப்பான்.

அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். பருத்திக்காட்டைத் தாண்டும்போது நாய்கள் குரைப்பது கேட்டது. முயலுக்கு அவை அப்படிக் குரைப்பதில்லை.