முளைப்பாரி அடைத்த தண்ணீர்

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறாம் வருஷம் மின்சார விளக்கு எரிந்தது இரண்டே இடத்தில்தான். ஒன்று, எல்லோரும் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலை. இன்னொன்று துரையின் பங்களா. தொழிலாளிகள் குடியிருந்த லயத்துக் காம்பிராக்களில், அந்த ஒற்றை அறைகளில், மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தாலே பெரிய காரியம். ஆனால் துரைக்கு வெளிச்சம் கொடுத்தவன் லயத்துக்காரன். அவன் பெயர் சோலைமலை.

மலை உச்சியில் ஓடையை மறித்து ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். அதிலிருந்து இரும்புக் குழாயில் பாய்ந்து இறங்கும் தண்ணீர் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுற்றினால் கரண்ட். தொட்டி, குழாய், சக்கரம் மூன்றும் சோலைமலை பொறுப்பு. பைப்பு சோலைமலை என்றால்தான் தோட்டத்தில் ஆள் தெரியும். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஓடைத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “நம்ம தண்ணி” என்றுதான் சொல்வான், ஏதோ அவன் பாட்டன் வெட்டிய கிணறு மாதிரி.

அந்தப் பெருமைதான் அவனைக் கவிழ்த்தது.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா. ஒன்பது நாள் இருட்டறையில் தண்ணீர் தெளித்து வளர்த்த முளைப்பாரியைக் கடைசி நாள் பெண்கள் தலையில் சுமந்து போய் ஆற்றில் விடுவார்கள். அந்த வருஷம் மழையே இல்லை. ஆற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் கிடையாது. பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது சோலைமலைதான் முந்திக்கொண்டான்.

“ஏன் கவலப்படுறீங்க? நம்ம தொட்டியில இடுப்பளவு தண்ணி கெடக்கு. அங்க வந்து விடுங்க. அலசிக்கிட்டு வெளிய போயிரும்.”

மழைக்காலத்தில் போகும். தொட்டி நிரம்பி வழியும்போது குப்பையெல்லாம் வழிந்தோடிவிடும். பங்குனியில் தொட்டி எங்கே வழிந்தது? அத்தனை தண்ணீரும் குழாய் வாய்க்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அது தெரிந்தவன் தோட்டத்திலேயே அவன் ஒருவன்தான். அவனுக்கே அன்றைக்கு அது தோன்றவில்லை.

பத்தொன்பது முளைப்பாரி. அதில் ஒன்று அவன் மனைவி ராக்காயியுடையது. இரண்டு பிள்ளைகளைப் பிறந்த மாதமே பறிகொடுத்தவள் அவள். இப்போது ஐந்து மாதம். இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று நேர்ந்துகொண்டு, ஒன்பது நாளும் ஒருவேளைச் சோற்றோடு இருந்து வளர்த்த முளைப்பாரி அது. பொழுது சாயும் நேரத்தில் குலவையிட்டுக்கொண்டு தண்ணீரில் விட்டாள். முகத்தில் அத்தனை நிம்மதி. சோலைமலையும் மனசு குளிர்ந்துபோய்ச் சக்கரத்தைப் பார்க்கக் கீழே இறங்கினான்.

திருவிழா என்பதால் ஸ்டோர் ஓடவில்லை. பங்களா விளக்குகளுக்கு மட்டும் சக்கரம் சுற்ற வேண்டும். அவன் கதவைத் திறக்கும்போதே சத்தம் இளைத்துக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே சக்கரம் தள்ளாடி நின்றது. திரும்பிப் பார்த்தால், எதிர்மேட்டில் பங்களா முழுக்க இருட்டு.

சக்கரத்தில் மாட்டியிருந்த பட்டையைப் பார்த்தான். வால்வைத் திறந்து மூடினான். தண்ணீர் வரவில்லை. அப்போதுதான் அவனுக்குத் தொட்டியில் விட்ட முளைப்பாரி நினைவுக்கு வந்தது.

அதற்குள் கணக்கப்பிள்ளை கந்தப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். தோட்டத்தில் துரைக்கு அடுத்த குரல் அவருடையது.

“டேய் சோலமல! பங்களா இருண்டு கெடக்கு, நீ இங்க நின்னு வேடிக்கை பாக்குறியா?”

“அடைப்புங்கய்யா. மேல போய் எடுத்துட்டு வந்திர்றேன்.”

“அரை மணி நேரம். அதுக்குள்ள லைட்டு எரியல, காலையில பெரட்டுல வச்சு ஒனக்குப் பத்துச்சீட்டு. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு லயத்தக் காலி பண்ணிட்டுப் போய்க்கிட்டே இரு.”

பெரட்டு, காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம்; பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டுத் துரத்தும் சீட்டு. அதை வாங்கியவனுக்கு மறுநாள் படுக்கக் கூரை இல்லை. அதில் கெட்ட பெயர் எழுதிவிட்டால் அடுத்த தோட்டத்தில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஐந்து மாதக்காரியைக் கூட்டிக்கொண்டு எந்த ரோட்டில் நிற்பது? குப்பை இழுக்கும் இரும்பு வாரியைத் தூக்கிக்கொண்டு சோலைமலை மலையேறி ஓடினான். பாதி வழியில் கால் வழுக்கி முழங்கால் தோல் உரிந்தது. அதைக் கூட அவன் கவனிக்கவில்லை.

பெண்கள் இன்னும் தொட்டிக் கரையில்தான் இருந்தார்கள். குழாய் வாயில் பதித்திருந்த கம்பி வலையில் முளைப்பாரி மொத்தமும் போய் அப்பியிருந்தது. வேரும் வைக்கோலும் பின்னிக்கொண்டு மெத்தை மாதிரி கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

சோலைமலை வாரியை ஓங்கினான். கை இறங்கவில்லை. தண்ணீரில் விட்ட முளைப்பாரியைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால் நேர்த்தி பலிக்காது. எந்த லயத்தில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

“என்னங்க செய்யப் போறீங்க?” என்று கேட்டாள் ராக்காயி.

அவனால் மறைக்க முடியவில்லை. “பங்களா இருட்டா கெடக்கு புள்ள. இத எடுக்கலேன்னா காலையில பத்துச்சீட்டாம்.”

கரையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி, “ஆத்தா மேல இரும்பப் போட்டுறாதீங்க அண்ணே!” என்று கத்தினாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து கணக்கப்பிள்ளையின் அதட்டல் கேட்டது.

ராக்காயி சேலையை இழுத்துச் செருகினாள். “வாரியக் கீழ போடுங்க. நான் கையால எடுக்குறேன்.”

“நீயா? வேணாம் புள்ள…”

இரண்டு பெண்கள் தாங்களும் வருவதாகத் தண்ணீருக்குள் கால் வைத்தார்கள். அவள் திரும்பி முறைத்தாள். “யாரும் எறங்காதீங்க. என் வீட்டுக்காரரு சொல்லித்தான இங்க வந்தீங்க? பாவம் எங்களோட போகட்டும். ஒங்க நேர்த்திய நீங்க தொட்டுக் கெடுத்துக்காதீங்க.”

ஓடைத் தண்ணீர் எலும்பைக் கடித்தது. இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொரு முளைப்பாரியாக வலையிலிருந்து பிய்த்து எடுத்தாள். சோலைமலை கரையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கி வைத்தான். பதினெட்டு முடிந்தது. அடியில் கடைசியாக இருந்தது அவளுடையதுதான். அதைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றாள். அவன் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் இழுத்தாள். குழாய் ஒரேயடியாகத் தண்ணீரை விழுங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எதிர்மேட்டில் பங்களா ஜன்னல்கள் மங்கலாகச் சிவந்து, பிறகு பளிச்சென்று எரிந்தன.

அவளைத் தூக்கிவிட்டு, தன் கம்பளியைப் போர்த்தி லயத்துக்கு அனுப்பிவிட்டுச் சோலைமலை நேரே பங்களாவுக்குப் போனான். பங்களா இருண்டுபோனதற்குத் துரையின் காலைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தான். குசினி வாசலில் பங்களாவில் சமைக்கும் அப்பு சின்னராசா சாவகாசமாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“துரை ரொம்பக் கோவமா இருக்காரா?”

“துரையா? அவரும் தொரசாணியும் காலையிலயே நுவரெலியா போயிட்டாங்க. திங்கக்கிழமதான் வருவாங்க. வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல.”

“அப்ப… லைட்டு?”

“கணக்கப்பிள்ள வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்கல்ல, பங்களா லைட்டக் காட்டுறேன்னு கூட்டியாந்தாரு. பாதியில நின்னுபோச்சுன்னு மானம் போன மாதிரி குதிச்சாரு. இப்பதான் பாத்துட்டுப் போறாங்க.”

உள்ளே ஆளில்லாத அறைகளில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. சோலைமலைக்குக் கணக்கப்பிள்ளையைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. ஆனால் அவன் கால்கள் லயத்தைப் பார்த்து நடந்தன.

ராக்காயி அடுப்புக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

“தொரசாணி பயந்து போயிருப்பாங்களே, பாவம்,” என்றாள். “இருட்டுக்குள்ள எவ்வளவு நேரம் இருந்தாங்களோ. நம்மள ஏதும் சொன்னாங்களா?”

சோலைமலை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டான்.

“ஒன்னும் சொல்லல புள்ள,” என்றான். “நல்லா இருன்னு சொன்னாங்க.”